அடிக்கடி வயிற்றுவலி: மும்பை வாசகர்கள் கேட்டவை

தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கிறேன். சாப்பாடு தள்ளிப்போனால் மேல்வயிறு எரியும், ஒரு வடாபாவ் உள்ளே போனால் அடங்கும். விடிகாலையிலும் எழுப்பிவிடுகிறது. மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை ஓடுகிறது. முதுகுவலிக்கு டைக்ளோபினாக்கும் போடுகிறேன்.

வெறும் வயிற்றில் வலித்து, சாப்பிட்டால் அடங்குவது சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண்ணின் குணம். காரமும் கவலையும்தான் காரணம் என்று டாக்டர்களே நம்பிய காலம் உண்டு. ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984இல் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் நோபல் பரிசும் வாங்கினார். இந்தக் கிருமி ஒரு காரணம் என்றால், நீங்கள் போடும் வலி மாத்திரை இன்னொன்று. அதை நிறுத்திவிட்டு, முதுகுக்கு வேறு வழி கேளுங்கள். கேஸ் மாத்திரை அமிலத்தை அடக்குமே தவிர கிருமியை ஒழிக்காது. அதைப் போட்டுக்கொண்டே சோதித்தால் கிருமி இல்லை என்று தவறாகவும் வரலாம், எனவே டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வாய் வழியே கேமரா குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி தேவைப்படலாம். மலம் தார் மாதிரி கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ பட்டறையைப் பூட்டிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பையனுக்கு எட்டு வயது. பள்ளி நாள் காலையில் தொப்புளைச் சுற்றி வலி என்கிறான், ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. நடிக்கிறானா? (செம்பூர்)

நடிப்பு என்று அதட்டாதீர்கள், மனக்கலக்கத்தில் வரும் வலியும் நிஜ வலிதான். முதலில் மலச்சிக்கல் இருக்கிறதா பாருங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். வலி தொப்புளை விட்டுத் தள்ளி இருந்தால், தூக்கத்தில் எழுப்பினால், எடை குறைந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தொப்புளில் ஆரம்பித்த வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால் அப்பெண்டிக்ஸாக இருக்கலாம். சாப்பிட எதுவும் கொடுக்காமல் அப்போதே கூட்டிப்போங்கள்.

கல்யாண விருந்து சாப்பிட்டால் போதும், வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு தோள்பட்டை வரை இழுக்கிறது. (மாட்டுங்கா)

பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், வயிற்று ஸ்கேனில் தெரிந்துவிடும். கண் மஞ்சளானாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

அண்ணனுக்கு 52 வயது, சர்க்கரை உண்டு. தாதர் ஸ்டேஷன் படி ஏறினால் மேல்வயிறு அழுத்துகிறது, நின்றால் சரியாகிறது. ஜெலுசில் போதுமா?

போதாது. நடந்தால் வந்து நின்றால் போவது இதய வலியாக இருக்கலாம். இன்றைக்கே ஈசிஜி எடுங்கள். அது சரியாக இருந்தாலும் இதய டாக்டரைப் பார்க்காமல் விடாதீர்கள். உட்கார்ந்த பிறகும் வலி அடங்காமல் வியர்த்துக் கொட்டினால் 108ஐக் கூப்பிடுங்கள்.