சிட்டிசன்சிப் விண்ணப்பம் நகரவில்லை; அம்மாவைப் பார்க்க யாழ்ப்பாணம் போகலாமா?

கேள்வி: 2012 இல் அகதியாகக் கனடாவுக்கு வந்தேன். கோரிக்கை ஏற்கப்பட்டு 2016 இல் பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) கிடைத்தது. மனைவியும் மகளும் பிறகு வந்து சேர்ந்தார்கள். மூன்று பேருக்கும் ஒன்றாகச் சிட்டிசன்சிப்புக்கு விண்ணப்பித்து 19 மாதங்கள் ஆகின்றன. எனக்கும் மனைவிக்கும் சிட்டிசன்சிப் பரீட்சை முடிந்து 10 மாதங்கள். இணையத்தில் எனது பின்னணிச் சோதனை மட்டும் 'நடைபெறுகிறது' என்றே கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். ஒரு மாதம் போய் நின்று வரலாமா? 2021 இல் புதுப்பித்த இலங்கைக் கடவுச்சீட்டு கையில் இருக்கிறது. பி.ஆர். கார்டு இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது. 1,500 டாலர் தந்தால் கோப்பை நகர்த்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார், கொடுக்கலாமா? – ஸ்காபரோ வாசகர்

பதில்: அம்மாவின் நிலைமை தெரிந்தும் இதைச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சிட்டிசன்சிப் சத்தியப்பிரமாணம் எடுக்கும்வரை நீங்கள் இலங்கைக்குப் போக வேண்டாம். டிக்கெட் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். குடும்ப வழியிலோ வேலை வழியிலோ பி.ஆர். பெற்ற ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், தாராளமாகப் போய் வாருங்கள், கடிதம் வந்தால் குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் விஷயம் வேறு. உங்கள் பி.ஆர். அகதிப் பாதுகாப்பின் மேல் நிற்கிறது.

2012 டிசம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, அகதியாக ஏற்கப்பட்ட ஒருவர் தன் நாட்டின் பாதுகாப்பைத் தானாகவே மீண்டும் நாடினால், அகதி அந்தஸ்தோடு பி.ஆரும் சேர்ந்து போகும். 'பாதுகாப்பை நாடுவது' என்பதற்கு முதலில் காட்டப்படும் ஆதாரங்கள் இரண்டு: அந்த நாட்டின் கடவுச்சீட்டை எடுப்பதும் புதுப்பிப்பதும் ஒன்று, அந்த நாட்டுக்கே போய் வருவது மற்றது. கனடாவின் எல்லைச் சேவைகள் முகமை, அகதிக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் அகதிச் சபையிடம் விண்ணப்பித்து இதைத் தொடங்கும். சபை அதை ஏற்றுக்கொண்டால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வழியில்லை. கூட்டரசு நீதிமன்றத்தின் அனுமதி பெற்று மீளாய்வு கேட்கலாம், அவ்வளவுதான். பி.ஆர். எடுத்து எத்தனை வருடம், இங்கே வீடு வாங்கியாயிற்றா, பிள்ளை இங்கேதான் படிக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் அதிகம் வராது. நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. பி.ஆர். கிடைத்துவிட்டால் அகதி விஷயம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறார்கள். சிட்டிசன் ஆகும் நாள்வரை அது முடிவதில்லை.

இன்னொரு பயமும் பலருக்கு இருக்கிறது. 2009 இல் போர் முடிந்துவிட்டதே, அதைக் காட்டி எடுத்துவிடுவார்களோ என்று. நாட்டு நிலைமை மாறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அகதி அந்தஸ்து நீக்கப்பட்டால் பி.ஆர். போகாது. சட்டம் அந்தக் காரணத்தை மட்டும் தனியே விலக்கி வைத்திருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது உங்களுடைய சொந்தச் செயலைத்தான்.

அதனால்தான் 2021 இல் புதுப்பித்த கடவுச்சீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சிட்டிசன்சிப் விண்ணப்பத்தோடு கடவுச்சீட்டுப் பக்கங்களின் பிரதிகளையும் கொடுத்திருப்பீர்கள். ஆகவே அது அவர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. இப்படியான விசாரணை ஒன்று முடியும்வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 13.1 ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. உங்கள் தாமதத்துக்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை. பின்னணிச் சோதனையில் கூட்டரசுப் பொலிஸான ஆர்.சி.எம்.பி. குற்றப் பதிவையும், புலனாய்வுச் சேவை பாதுகாப்பு விஷயங்களையும் பார்க்கின்றன. பெயர் ஒற்றுமை, வேறொரு நாட்டில் வாழ்ந்த காலம் என்று சாதாரணக் காரணங்களாலும் கோப்பு நிற்கும். ஆனால் எது காரணம் என்று தெரியாமல் அடுத்த அடியை வைக்கக் கூடாது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. உங்கள் கோப்பில் அதிகாரிகள் எழுதியிருக்கும் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் கேட்டால் 5 டாலர், தனியுரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் சொந்தத் தகவலைக் கேட்டால் இலவசம். குடிவரவுத் திணைக்களத்திடம் ஒன்று, எல்லைச் சேவைகள் முகமையிடம் ஒன்று என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். பதில் தர 30 நாள் என்பது விதி, சில வேளை நீட்டிப்பார்கள். சில வரிகளை மறைத்துத்தான் அனுப்புவார்கள். இருந்தாலும் கோப்பை யார் கடைசியாக எப்போது தொட்டார், எந்தச் சோதனைக்குக் காத்திருக்கிறது என்பது பெரும்பாலும் தெரியவரும்.

அந்தக் குறிப்புகளோடு, அகதி அந்தஸ்து நீக்க வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பித்தது உங்களுக்கு எதிரான அனுமானத்தை உண்டாக்கும், ஆனால் அதை மறுக்க முடியும். ஏன் எடுத்தீர்கள், அதைக் கொண்டு எங்கேயாவது பயணம் செய்தீர்களா, இப்படி ஒரு விளைவு வரும் என்று அப்போது தெரியுமா என்பனவற்றைச் சபை பார்க்க வேண்டும் என்று கூட்டரசு மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022 இல் சொல்லியிருக்கிறது. 2021 இல் ஏன் எடுத்தீர்கள் என்பதை நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வையுங்கள், ரசீது, கடிதம் எது இருந்தாலும் சேருங்கள். இனி அந்தக் கடவுச்சீட்டில் வேறு நாட்டுக்குக்கூடப் போகாதீர்கள்.

தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் மூலம் கோப்பைப் பற்றி விசாரிக்கலாம். நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதம் கொடுத்தால் போதும், காசு வாங்க மாட்டார்கள். நியாயமில்லாத தாமதம் என்றால் முடிவெடுக்கும்படி திணைக்களத்துக்கு உத்தரவிடக் கோரிக் கூட்டரசு நீதிமன்றத்துக்கும் போகலாம். இதை மாண்டமஸ் என்பார்கள். இயல்பாக ஆகக்கூடிய காலத்தைத் தாண்டியிருக்கிறதா, தாமதத்துக்கு விண்ணப்பதாரர் காரணமா, திணைக்களம் சொல்லும் விளக்கம் ஏற்கக்கூடியதா என்று நீதிமன்றம் பார்க்கும். பலருக்கு இது நல்ல வழி. உங்களுக்கு மட்டும், குறிப்புகள் கைக்கு வந்து சட்டத்தரணி பார்த்த பிறகே இந்த இரண்டையும் யோசியுங்கள். 1,500 டாலர் கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கோப்பை உள்ளே இருந்து நகர்த்தித் தர எந்த ஆலோசகராலும் முடியாது.

மனைவியையும் மகளையும் உங்களோடு காக்க வைக்கத் தேவையில்லை. விண்ணப்பங்களைப் பிரித்துத் தனியாகப் பார்க்கும்படி இணையப் படிவம் மூலம் கேட்கலாம். மகளின் விண்ணப்பம் தாயோடு போகட்டும். அதற்கிடையில் மகளின் படிப்புக்குப் பாதிப்பில்லை. பி.ஆர். பிள்ளைக்கும் உள்நாட்டுக் கட்டணம்தான், ஒன்ராறியோவின் மாணவர் உதவித் திட்டமும் உண்டு.

பி.ஆர். கார்டு முடிந்தால் பி.ஆர். முடிவதில்லை. வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறித் திரும்பத்தான் அது தேவை. ஆனாலும் காத்திருப்பு எவ்வளவு என்று சொல்ல முடியாததால் இப்போதே புதுப்பிக்கப் போடுங்கள். வீடு மாறினால் உடனே முகவரியை மாற்றுங்கள். மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள், கைரேகை கேட்டு வரும் கடிதத்துக்கு நாள் கணக்கு இருக்கும். அப்புறம், குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிடிபட்டு வழக்குப் பதிவானால், பரீட்சையில் எத்தனை மதிப்பெண் எடுத்திருந்தாலும் அந்த வழக்கு முடியும்வரை சத்தியப்பிரமாணம் எடுக்க விட மாட்டார்கள்.

இனி அம்மா. மனைவி போய்ப் பார்த்து வர முடியுமா என்று அதே சட்டத்தரணியிடம் கேளுங்கள். அவர் எந்த வகையில் பி.ஆர். பெற்றார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். உங்கள் பெயரில் கனடாவின் அகதிப் பயண ஆவணம் எடுக்கலாம், அதில் இலங்கை தவிர்ந்த நாடுகளுக்குப் போகலாம். டயாலிசிஸுக்கு இடையில் ஒரு சின்ன விமானப் பயணத்தை வைத்தியர் அனுமதித்தால், அம்மாவைச் சென்னைக்கோ திருச்சிக்கோ அழைத்து, சிகிச்சைக்கு அங்கே முன்கூட்டியே இடம் பதிவு செய்து, நீங்கள் அங்கே போய்ச் சந்திக்கலாம். இந்தியா உங்களுக்கு அந்த ஆவணத்தில் விசா தருமா, எத்தனை நாளாகும் என்பதை டிக்கெட்டுக்கு முன் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். அம்மாவின் விசாவையும் சேர்த்து இந்தக் கிழமையே தொடங்குங்கள்.