பூஜ்யத்தின் பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் ஹைடன்ஹைம் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ஃப்ராங்க் ஷ்மிட்டைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பயிற்சியாளராக அவர் சாதித்ததெல்லாம் சரி. ஆனால் ஆட்டக்காரராக அவர் ஜெர்மனியின் முதல் பிரிவான பூண்டஸ்லிகாவின் வாசலைக்கூட மிதித்ததில்லையே? கீழ்ப்பிரிவுகளிலேயே காலம் தள்ளிய ஒரு டிஃபெண்டரின் கதைக்குப் பாதிக் கட்டுரையைக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு வரியில் முடித்திருக்கலாமே.

கே.

அன்புள்ள கே.,

ஒரு வரியில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். 1994 ஆகஸ்ட் 14 குறுக்கே வந்துவிட்டது.

வெஸ்டன்பெர்க்ஸ்க்ரொய்த் என்று பவேரியாவில் ஒரு கிராமம். இரண்டாயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள். மூலிகைத் தேநீர் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். ஜெர்மன் கோப்பையின் முதல் சுற்றில் அந்த ஊர் அணி, ஜெர்மனியின் பெரிய அணியான பேயர்ன் மியூனிக்கைச் சந்தித்தது. ஊர் மைதானம் போதாது என்று ஆட்டத்தை நியூரம்பெர்க்கில் வைத்தார்கள். பேயர்னுக்குப் பயிற்சியாளர் ட்ராபட்டோனி, கோல் கம்பத்தில் ஆலிவர் கான். முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் ரோலண்ட் ஸ்டைன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். 1-0. கடைசிவரை அதேதான்.

இன்றும் அங்கே ஸ்டைன் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த 1-0-ல் பூஜ்யம் யாருடைய வேலை? இரண்டாம் பாதி முழுக்க பேயர்ன் ஒரு கோலுக்காக முட்டி மோதியபோது பந்தை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த பின்வரிசையின் வேலை. அந்த அணியில் இருந்தவர்தான் இருபது வயது ஷ்மிட். வங்கி எழுத்தர் வேலைக்குப் படித்தவர். கோல் போட்டவருக்கு ஒரு நொடி போதும் கே., தடுப்பவர் தொண்ணூறு நிமிடமும் தவறாமல் இருக்க வேண்டும். அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

அப்புறம் வியன்னா, ஆஹன், மன்ஹைம் என்று ஊர் ஊராக மூட்டை தூக்கினார். 2003-ல் மன்ஹைம் இரண்டாம் பிரிவிலிருந்து இறங்கியது, தொழில்முறைப் பிரிவில் ஆடும் லைசென்ஸும் போயிற்று. ஷ்மிட் பிறந்த ஊரான ஹைடன்ஹைமுக்கே திரும்பிவிட்டார். அந்த அணி அப்போது ஐந்தாம் பிரிவில் கிடந்தது. முப்பதை நெருங்கும் டிஃபெண்டர் அங்கே போனால், 'இதோடு சரி' என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான்கு வருடம் ஆடி முடித்தார். 2007 செப்டம்பரில் பயிற்சியாளர் இடம் காலியாக, இரண்டு ஆட்டத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த இரண்டு ஆட்டம் பதினாறு வருடத்தைத் தாண்டி, ஒரே அணியில் தொடர்ந்து நீண்ட காலம் பயிற்சியாளராக இருந்ததில் ஃப்ரைபுர்கில் ஃபோல்கர் ஃபின்கே வைத்திருந்த சாதனையையும் முறியடித்தது. அவர் பொறுப்பேற்றபோது நான்காம் பிரிவுக்கு ஏறியிருந்த அணியை 2023-ல் பூண்டஸ்லிகாவுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். ரேகன்ஸ்புர்கில் நடந்த கடைசி ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கி, ஒன்றைத் திருப்பி, தொண்ணூறு நிமிடம் முடிந்து சேர்த்துத் தந்த நிமிடங்களில் இன்னும் இரண்டு கோல் போட்டு 3-2. இதையெல்லாம் கட்டுரையிலேயே விரிவாகச் சொல்லிவிட்டேன்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. 2024 ஏப்ரலில் ஹைடன்ஹைம் சொந்த மைதானத்தில் பேயர்னை 3-2 என்று வென்றது. ஷ்மிட்டின் டிஃபெண்டர்கள் அன்று இரண்டு கோல் விட்டார்கள். முப்பது வருடம் முன்பு அவர் இருந்த அணி ஒன்றுகூட விடவில்லை.