வைஃபையின் க்ராக் பாதுகாப்பு ஓட்டைக்காக சப்ளிகன்டை (வைஃபையில் இணைக்கும் நிரலை) அப்டேட் செய்தாயிற்று. லினக்ஸ் கெர்னலிலும் பேட்ச் போட வேண்டுமா?

கண்டிப்பாகப் போட வேண்டும். பழைய கெர்னலில் ஓடும் ஏதோ ஒரு போர்டுக்கு நீங்களே பேக்போர்ட் செய்கிறீர்கள், அதாவது புதிய திருத்தத்தைப் பழைய பதிப்பில் சேர்க்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: கெர்னல் திருத்தம் ஒரு பேட்ச் அல்ல, மூன்று. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

2017 அக்டோபரில் மேத்தி வான்ஹோஃப் வெளியிட்ட இந்தத் தாக்குதலில் யாரும் பாஸ்வேர்டை உடைப்பதில்லை. கிளையன்ட், அதாவது உங்கள் கருவி, வைஃபையில் இணையும்போது ரவுட்டரோடு நான்கு செய்திகள் பரிமாறப்படும். அதில் மூன்றாவதை மறுபடி வரவைக்கிறார்கள். உடனே சப்ளிகன்ட் அதே சாவியைத் திரும்பவும் கெர்னலிடம் நீட்டுகிறது. கெர்னலும் அதைப் புதிதென்று நம்பி, 48 பிட் பாக்கெட் எண்ணைச் சுழியத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. சாவியும் எண்ணும் ஒன்றாகிவிட்டால் இரண்டு பாக்கெட்டுகள் ஒரே மறைகுறியீட்டு ஓட்டத்தில் போகும். ஒன்றின் உள்ளடக்கம் தெரிந்தால் மற்றதும் வெளியே வந்துவிடும். அந்த எண்ணி இருப்பது கெர்னலில். அதனால்தான் அங்கேயும் தடுப்பு வேண்டும்.

கெர்னலின் வைஃபை அடுக்கான மேக்80211 அடைவில் கீ.சி கோப்பைத் திறந்து 'கீ_லிங்க்' என்று முடியும் ஃபங்ஷனைப் பாருங்கள். முதல் பேட்ச் அங்கே பழைய சாவியையும் புதியதையும் நீளத்தோடு ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் புதியதை விடுவித்துவிட்டு, எதையும் மாற்றாமல் 0 திருப்பும். இந்த 0 முக்கியம். பிழை எண் திருப்பினால் சாவி ஏறவில்லை என்று சப்ளிகன்ட் நினைத்து இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும்.

இரண்டாவது பேட்ச் 'மெம்சிஎம்பி'க்குப் பதில் 'கிரிப்டோ_மெம்நெக்' போடுகிறது. ஒப்பிட ஆகும் நேரத்தை வைத்து சாவியைப் பற்றி எதுவும் கசியக்கூடாது என்பதற்காக.

சறுக்குவது மூன்றாவதில்தான். டிகேஐபி என்ற பழைய வைஃபை மறைகுறியீட்டு முறையின் சாவி 32 பைட்: முதல் 16 மறைகுறியீட்டுக்கு, அடுத்த 8 அனுப்பும் எம்ஐசிக்கு (செய்தி மாற்றப்படவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு), கடைசி 8 பெறும் எம்ஐசிக்கு. கணினி தூங்கும்போது குழுச் சாவி (எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகளுக்கான பொதுச் சாவி) மாறினால் அதை வைஃபை சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேர் கவனித்துக்கொண்டு, விழித்ததும் கெர்னலிடம் ஒப்படைக்கும். இன்டெல் சிப்புகளின் ஐடபிள்யூஎல்வைஃபை ஃபர்ம்வேர் நடுவில் உள்ள அந்த 8 பைட்டைத் தருவதில்லை, கிளையன்டுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் சப்ளிகன்ட் உண்மையான பைட்டுகளோடு அதே சாவியைக் கொடுக்கும். 32 பைட்டையும் ஒப்பிட்டால் 'வேறு சாவி' என்று முடிவாகி, ஓட்டை மறுபடி திறந்துவிடும். அதனால் கிளையன்ட் பயன்முறையில் இரு பிரதிகளிலும் 16ஆம் பைட்டிலிருந்து 8 பைட்டைச் சுழியமாக்கிய பிறகே ஒப்பிடுகிறார்கள். 'கீ_ஐடென்டிகல்' என்று முடியும் ஃபங்ஷன் கோப்பில் இருந்தால் மூன்றாவதும் வந்துவிட்டது என்று அர்த்தம். 4.14இல் மூன்றுமே உண்டு.

"அப்படியானால் கெர்னல் மட்டும் போதுமே" என்று யாராவது வருவார்கள். போதாது. சப்ளிகன்ட் 2.4, 2.5 பதிப்புகள் சாவியை ஏற்றியதும் நினைவகத்தில் அழித்துவிடும். மூன்றாம் செய்தி திரும்ப வந்தால் முழுச் சுழியச் சாவியை ஏற்றும். கெர்னலுக்கு அது வேறு சாவி, எனவே ஏற்றுக்கொள்ளும். அதோடு, சாவிகளை ஃபர்ம்வேரே நிர்வகிக்கும் ஃபுல்மேக் சிப்புகள் மேக்80211 பக்கமே வருவதில்லை. அங்கே ஃபர்ம்வேர் அப்டேட் தவிர வேறு வழி கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து 'ஆபத்து' என்று சிவப்பு அடிக்கும் ஸ்கேன் கருவிகள் பெரிய தலைவலி. பேக்போர்ட் செய்த 4.4 கெர்னலைக் குற்றவாளியாக்கிவிட்டு, பேட்ச் இல்லாத ஃபர்ம்வேரைக் கண்டுகொள்ளாமல் விடுகின்றன.

நம்பகமான சோதனை காற்றில்தான். காற்றில் போகும் எல்லா பாக்கெட்டையும் பிடிக்கும் மானிட்டர் பயன்முறையில், பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு மூன்றாம் செய்தியைத் திரும்ப அனுப்புங்கள். கிளையன்ட் அனுப்பும் டேட்டா பாக்கெட்டுகளில் சிசிஎம்பி எண் (முன்பு சொன்ன 48 பிட் பாக்கெட் எண்) ஏறிக்கொண்டே போக வேண்டும். 1க்குத் திரும்பினால் பேட்ச் வேலை செய்யவில்லை. குழுச் சாவிக்கு, அதைத் தரும் செய்தியைத் திரும்ப அனுப்பிவிட்டு, முன்பு ஒருமுறை அனுப்பிய பிராட்காஸ்ட் பாக்கெட்டை அப்படியே மறுபடி அனுப்பிப் பாருங்கள். கிளையன்ட் அதற்குப் பதில் தரக்கூடாது.