துண்டு போட்ட தேதிகளும் நிஜத் தேதிகளும்: வரும் ஆண்டின் படம், புத்தகம், பாட்டு – கேள்வி-பதில்

பெரிய படம் ஒன்று பொங்கல் வெளியீடு என்று அறிவித்திருக்கிறார்கள். அதை நம்பி ஊருக்குப் போகும் நாளை முடிவு செய்யலாமா?

போஸ்டரில் உள்ள தேதியை நம்பி ரயில் டிக்கெட் போடாதீர்கள். பஸ் சீட்டில் துண்டு போடுவது மாதிரிதான் அது. தியேட்டர்களைப் பிடித்து வைக்கவும், அந்த நாளில் இன்னொரு படம் இறங்காமல் தடுக்கவும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது தணிக்கைச் சான்றிதழை. ‘2 மணி 41 நிமிடம்’ என்று நிமிடக் கணக்கோடு நீளம் வெளியே வந்தால் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது அல்லது வரும் கட்டத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சான்றிதழில் சிக்கினால் எத்தனை நாள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. படத்தை முதலில் எக்ஸாமினிங் கமிட்டி பார்க்கும். அங்கே ஒத்துவராவிட்டால் ரிவைசிங் கமிட்டி. அதற்கும் மேலே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது அடுத்த படி உயர் நீதிமன்றம்தான். பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோர்ட் வாசலில் நிற்கும் படம் பண்டிகைக்கு வருவது கஷ்டம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று. பழைய யு/ஏ இப்போது யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. மூன்றுமே பெற்றோருக்கான எச்சரிக்கை, முடிவு உங்களுடையது. ‘ஏ’ என்றால் 18 வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை. கூட அப்பா அம்மா இருந்தாலும் இல்லை.

நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடும், தியேட்டருக்கு எதற்கு என்கிறார் கணவர். எல்லாப் படமும் அப்படி வந்துவிடுமா?

தமிழ்ப் படங்களுக்கு நாலு வாரம் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் இந்திப் பதிப்பை வட இந்தியாவின் பெரிய மல்டிபிளெக்ஸ்களில் போட வேண்டுமானால் எட்டு வார இடைவெளி கேட்பார்கள். ஆகவே இந்தி டிரெய்லர் வருகிறதா என்பதைவிட, அங்கே மல்டிபிளெக்ஸ் முன்பதிவு திறக்கிறதா என்று கவனியுங்கள். திறந்தால் உங்கள் கணவர் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

புத்தகம் வரும் முன்பே பணம் கட்டிப் பதிவு செய்யும் முன்வெளியீட்டுத் திட்டம் லாபமா, புத்தகக் காட்சியிலேயே வாங்குவது லாபமா?

சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமான கழிவு 10 சதவீதம். முன்வெளியீட்டுத் திட்டத்தில் அதைவிடக் கூடுதலாகவே தருவார்கள். தபால் செலவு யாருடையது என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். 300 ரூபாய்ப் புத்தகம் ஒன்றுக்கு மட்டும் பதிவு செய்தால் மிச்சமாகும் பணம் தபாலுக்கே போய்விடும். 800, 1000 பக்க நாவல், பல தொகுதிகள் கொண்ட மொத்தத் தொகுப்பு, இவற்றுக்குத்தான் இந்தத் திட்டம் உண்மையில் பலன் தரும்.

பதிப்பகத்திடம் “எப்போது வரும்?” என்று கேட்டால் “ஜனவரி முதல் வாரம்” என்றுதான் பதில் வரும். “மெய்ப்பு (அச்சுப் பிழை திருத்தம்) முடிந்ததா? அச்சுக்குப் போய்விட்டதா?” என்று கேளுங்கள். டிசம்பர் நடுவிலும் மெய்ப்பில் கிடக்கும் தடிமனான புத்தகம் காட்சியின் கடைசி வாரத்துக்கு வந்தால் அதிர்ஷ்டம். அப்படி வந்து சேரும் புத்தகத்தில்தான் பைண்டிங் கோளாறும் அதிகம்.

போன முறை வாங்கிய நாவலில் நடுவில் 16 பக்கத்தைக் காணோம். வாங்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது?

சரியாக 16 பக்கம் என்பதிலேயே பதில் இருக்கிறது. காணாமல் போனது ஒரு பாரம், அதாவது ஒரே தாளாக அச்சாகி மடிக்கப்படும் பக்கக் கட்டு. டெமி அளவுப் புத்தகம் ஆப்செட்டில் பாரத்துக்கு 16 பக்கம் என்று அச்சாகி, மடிக்கப்பட்டு, வரிசையாக அடுக்கப்படுகிறது. அடுக்கும் கை ஒன்றைத் தவறவிட்டால் 48-க்கு அடுத்து 65 வரும். அதே பாரத்தை இரண்டு தடவை எடுத்து வைத்தால் 48 முடிந்ததும் மறுபடி 33 வரும். அதனால் எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டாம். 16, 32, 48, 64 என்று பாரம் முடியும் இடங்களில் மட்டும் அடுத்த பக்க எண்ணைப் பாருங்கள். முன்பக்கங்களுக்குத் தனி எண் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு சில பக்கம் தள்ளிப்போகும். 600 பக்க நாவலுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அப்படியே தையல் உண்டா என்றும் பாருங்கள். பாரத்தின் நடு மடிப்பு 8–9, 24–25, 40–41 ஆகிய பக்கங்களுக்கு நடுவே விழும். அங்கே விரித்தால் நூல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதுகைச் சீவி வெறும் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். 200 பக்கத்துக்கு அது போதும். 700 பக்கத்தை அப்படி ஒட்டினால், அதுவும் பசை காயும் முன்பே கட்டுக் கட்டி அனுப்பினால், இரண்டாவது வாசிப்பில் முதுகு பிளந்துவிடும். நூறு இருநூறு பிரதி மட்டும் டிஜிட்டலில் அடிக்கும் புத்தகத்தில் பாரம் கிடையாது, தனித்தாள்தான். அங்கே இந்த 16 கணக்கு செல்லாது.

அட்டை சுருண்டுகொள்வது வேறு விஷயம். வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் செய்திருப்பதால் உள்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. புத்தகம் கெட்டுப்போகவில்லை, கனமான இரண்டு புத்தகங்களுக்கு அடியில் ஒரு வாரம் வையுங்கள்.

பொங்கல் விடுமுறையில் சென்னை வருகிறோம். புத்தகக் காட்சி இருக்கும்தானே?

உறுதி கிடையாது. 48ஆவது காட்சி 2024 டிசம்பர் 27-ஆம் தேதியே தொடங்கி 2025 ஜனவரி 12-இல் முடிந்துவிட்டது. பொங்கலுக்கு வந்தவர்கள் வெறும் மைதானத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். காட்சியை நடத்தும் பதிப்பாளர் சங்கமான பபாசி தேதியை அறிவித்த பிறகு டிக்கெட் போடுங்கள். வேலை நாளில் மதியத்துக்குப் பிறகுதான் திறப்பார்கள்; அரங்கு திறந்த முதல் இரண்டு மணி நேரம்தான் நின்று நிதானமாகப் புரட்டத் தோதானது.

வெளிநாட்டிலிருந்து பத்து நாள் மட்டும் வர முடியும். சென்னையின் டிசம்பர் இசை சீசனுக்கு எந்தப் பத்து நாள்?

மியூசிக் அகாடமி விழா டிசம்பர் 15 தொடங்கி ஜனவரி 1 சதஸோடு (விருது வழங்கும் நிறைவு விழா) முடியும். நாட்டிய விழா ஜனவரி 3 வாக்கில் ஆரம்பிக்கும். பாட்டு மட்டும் வேண்டுமென்றால் டிசம்பர் 18–28 சரி. ஆட்டமும் சேர்த்து வேண்டுமென்றால் டிசம்பர் 27–ஜனவரி 6. சபாக்களின் நிகழ்ச்சி நிரல் நவம்பரில்தான் கைக்கு வரும். விமான டிக்கெட்டுக்கு அது தாமதம். ஆகவே முதலில் நாட்களைப் பிடித்துவிட்டு, வித்வான்களைப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

டிக்கெட் கிடைக்காது என்ற பயம் மாலைக் கச்சேரிக்கு மட்டுமே பொருந்தும். மதிய வேளையில் இளையவர்கள் பாடும் கச்சேரிகளுக்குப் பெரும்பாலான சபாக்களில் கட்டணம் கிடையாது. அடுத்த பத்தாண்டில் மாலை மேடையில் உட்காரப் போகிறவர்களை முன்வரிசையில் இருந்து இப்போதே கேட்டுவிடலாம். அகாடமியில் காலை 8 மணி வாக்கில் தொடங்கும் லெக்-டெம்முக்கும் (பாடிக் காட்டி விளக்கும் உரை) டிக்கெட் வேண்டாம். கச்சேரியில் நீண்டு விரியும் ராகம்-தானம்-பல்லவிதான் குறி என்றால் ஒன்றரை மணி நேரக் கச்சேரிக்குப் போகாதீர்கள், அதில் நேரம் போதாது. இரண்டரை மணி நேரக் கச்சேரியாகப் பாருங்கள்.

திருவையாறு தியாகராஜர் ஆராதனை ஏன் ஒவ்வொரு வருஷமும் வேறு தேதியில் வருகிறது?

அது திதிக் கணக்கு. தியாகராஜர் சமாதியானது புஷ்ய பகுள பஞ்சமியில். அதாவது புஷ்ய மாதப் பௌர்ணமி கழிந்த ஐந்தாம் திதி. 2025-இல் ஜனவரி 18, 2026-இல் ஜனவரி 7. பொதுவாக வருஷத்துக்கு 11 நாள் போல முன்னால் வரும். சந்திரக் கணக்கில் கூடுதலாகச் சேர்க்கும் ‘அதிக மாதம்’ விழுந்தால் பின்னால் தாவும். அவருடைய ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்னம் காலை 9 மணிக்கு, நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும். தஞ்சாவூரில் தங்கிக்கொண்டு 7 மணிக்கே பந்தலுக்குப் போய்விடுங்கள்.

2027 ஜனவரி 1 முதல் யாருடைய எழுத்துகளை அனுமதி இல்லாமல் வெளியிடலாம்?

ஆண்டிலிருந்து 61-ஐக் கழியுங்கள். 1966-இல் மறைந்தவர்களுடையவை. இந்தியாவில் எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை நீடிக்கும். முன்பு 50 ஆண்டாக இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் உரிமை முடியும் நேரத்தில், 1992-இல்தான் 60 ஆக்கினார்கள். பாரதிதாசன் மறைந்தது 1964. ஆகவே 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அவருடைய நூல்கள் அதற்கு வெகுகாலம் முன்பே நாட்டுடைமை ஆகிவிட்டன என்பது வேறு.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று, மொழிபெயர்ப்பு. மூல ஆசிரியரின் உரிமை முடிந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் தனிக் கணக்கு. மற்றொன்று, சினிமா. படத்துக்கு வெளியான ஆண்டை வைத்து 60. ஆகவே 1966-இல் வந்த படம் 2027-இல் விடுபடும். அதில் உள்ள பாட்டு விடுபடாது. கண்ணதாசன் மறைந்தது 1981, அவர் வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. எம்.எஸ். விஸ்வநாதன் மறைந்தது 2015, அவர் மெட்டுக்கு 2075 முடிய. “படம் ஃப்ரீ ஆகிவிட்டது” என்று பாட்டை வெட்டி யூடியூபில் போட்டால் ஸ்ட்ரைக் வரும்.

புதுப் பாடல்களைக் கேட்க லாஸ்லெஸ் (ஒலித் தரம் குறையாத) சந்தா எடுக்கட்டுமா? ப்ளூடூத் இயர்பட்ஸ் வைத்திருக்கிறேன்.

வேண்டாம். ப்ளூடூத் வழியே போகும்போது ஒலி மறுபடி சுருக்கப்பட்டுத்தான் காதுக்கு வருகிறது. ஆப்பிள் மியூசிக்கில் லாஸ்லெஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்றாலும், 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சாம்பிள் விகிதத்தில் உள்ளதைக் கேட்க வெளியே ஒரு டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி) மாட்ட வேண்டும். முதலில் வயர் வைத்த நல்ல ஹெட்போன் வாங்குங்கள்.