கடைசி ஏழு நிமிடத்தில் கோட்டை விட்டது யார்?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு ஹாக்கி அணியின் கேப்டன் கேட்கிறார்: "மாவட்டப் போட்டியில் 2-0 என்று முன்னிலையில் இருந்தோம். கடைசி ஏழு நிமிடத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம். அதில் இரண்டு பெனால்டி கார்னர். பாதிப் பேர் கோல்கீப்பரைத் திட்டுகிறார்கள், மீதிப் பேர் மஞ்சள் அட்டை வாங்கிய டிஃபெண்டரை. உண்மையில் யார் தவறு?"

கோல்கீப்பரிடம் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். பெனால்டி கார்னரில் (கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டமான டி-க்குள் டிஃபென்ஸ் தவறு செய்தால், எதிரணி பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தொடங்கும் கோல் வாய்ப்பு) முதல் அடி நேராக உள்ளே போனதா, அவர் தடுத்த பிறகு திரும்பி வந்த பந்து போனதா? தடுத்த பந்தை ஓரமாகத் தள்ளாமல் நடுவில் விட்டிருந்தால் அவர் பங்கு உண்டு. ஓரமாகத் தள்ளியும் எடுக்க ஆள் இல்லையென்றால் அது டிஃபென்ஸின் கணக்கு.

அடுத்து ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு கோலையும் பின்னோக்கி எழுதுங்கள்: கோல் எப்படி விழுந்தது, கார்னர் எதற்குக் கொடுத்தார்கள், பந்து நம் 23 மீட்டர் கோட்டுக்குள் எப்படி வந்தது, அதற்கு முன் கடைசியாக நம்மிடம் இருந்தபோது அதை என்ன செய்தோம். அனேகமாகக் கடைசி வரியில் 'அடித்து விரட்டினோம்' என்றுதான் இருக்கும். முன்னிலையைக் காப்பதாக நினைத்து ஃபார்வர்டுகளும் பின்னால் வந்துவிடுவார்கள். விரட்டிய பந்தை வாங்க முன்னால் ஆள் இருக்காது. எதிரணி ஃபுல்பேக் நிதானமாக நிறுத்தி, மறுபடி உள்ளே அனுப்புவார். மண் மைதானத்தில் பந்து எகிறிக் காலில் படத்தான் செய்யும். டி-க்குள் பட்டால் கார்னர்.

2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை வெண்கலப் போட்டியில் அர்ஜென்டினா மூன்று கால் பகுதிகளில் 2-0 என்று நின்றது. கடைசிக் கால் பகுதியில் இந்தியா நான்கு கோல் போட்டு 4-2 என வென்றது. அந்த மட்டத்திலேயே நடக்கிறது.

மஞ்சள் அட்டை என்றால் குறைந்தது ஐந்து நிமிடம் வெளியே. மீதம் இருந்ததே ஏழு. டிஃபெண்டர் செய்தது தப்புதான். ஆனால் சேலத்து வெயிலில் அவரை எத்தனை முறை மாற்றினீர்கள்? ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். கால் சோர்ந்தவர் பந்தோடு சேர்ந்து ஓட முடியாமல் ஸ்டிக்கை நீட்டுவார், அது எதிராளியின் காலில் மாட்டும். கார்னர் கொடுத்துவிட்டால் அது முடியும்வரை ஆள் மாற்ற முடியாது. ஆக, முன்கூட்டியே மாற்றாதது பெஞ்சில் இருந்தவர்களின் தவறு. (ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் ஓடினால் இது சரியாகும் என்பார்கள். மூச்சுக்கு நல்லது, இதற்கு மருந்தில்லை.)

இன்னொன்று பலரும் கவனிக்காதது. பத்துப் பேராக ஆடினாலும் கார்னருக்குக் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் பின்கோட்டில் நிற்கலாம். எண்ணிக்கை குறையாது. ஆனால் அட்டை வாங்கியவர்தான் வழக்கமாக கார்னர் அடிப்பவரைத் தடுக்க முதலில் ஓடுபவர் என்றால், அவருக்குப் பதில் யார் ஓடுவது? அதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இதற்குக் கேப்டனும் பயிற்சியாளரும்தான் பொறுப்பு. நீங்களும் உட்பட.

வாரம் இருமுறை, பயிற்சியின் கடைசியில், எல்லோரும் களைத்திருக்கும்போது ஏழு நிமிட ஆட்டம் வையுங்கள். ஸ்கோர் 2-0, உங்கள் அணியில் பத்துப் பேர். ஒரு விதி: இரண்டு ஃபார்வர்டுகள் நடுக்கோட்டுக்குப் பின்னால் வரக்கூடாது. பந்து கிடைத்தால் நடுவில் அடிக்காமல் ஓரக்கோட்டுப் பக்கம் அவர்களுக்குப் போக வேண்டும். அவர்கள் எதிரணியின் மூலைக்குக் கொண்டுபோய், நகர்ந்துகொண்டே ஃபவுல் வாங்கப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் முதுகைக் காட்டிப் பந்தை மறைத்தால் நடுவர் அப்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துவிடுவார், பந்து எதிரணிக்குப் போய்விடும்.

எதிரணி கோல்கீப்பரை வெளியே எடுத்து, அவருக்குப் பதில் பதினோராவது ஆட்டக்காரராக ஒரு ஃபீல்டு ஆளை இறக்கினால், அந்த இரண்டு பேருக்கும் முன்னால் காலிக் கோல்தான்.