ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டுமா?

அப்பாவுக்கு ஸ்டென்ட் இருக்கிறது, பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டென்ட்டுக்காக மட்டும் என்றால் தேவையில்லை. பைபாஸ், பேஸ்மேக்கர் என்றாலும் இதே பதில்தான். அவர் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைப் பல் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எனக்குத் தேவை. எனக்கு இருப்பது செயற்கை மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடப்பக்க இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் வால்வு. ராத்திரி எல்லாம் அடங்கியதும் நெஞ்சுக்குள் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். ஈறு கிழியும்போது வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் ரத்தத்தில் இறங்கும். மற்றவர்களுக்கு உடம்பே அதைத் துடைத்துப் போட்டுவிடும். செயற்கை வால்வில் ஒட்டிக்கொண்டால் எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதயத்தின் உள்பக்கத்தில் கிருமித் தொற்று. உயிருக்கே ஆபத்து.

அதனால் பல் பிடுங்கும் நாளில் 500 மி.கி. அமாக்சிசிலின் நான்கை உள்ளங்கையில் கொட்டி, ஒரே மூச்சில் விழுங்கிவிடுவேன். மொத்தம் 2 கிராம், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால். அவ்வளவுதான், ஐந்து நாள் கோர்ஸ் எல்லாம் கிடையாது. ஒரு தடவை மறந்தே போனேன். பல்லை எடுத்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் போட்டாலும் பரவாயில்லை என்று டாக்டர் அங்கேயே கொடுத்தார். வெறும் எக்ஸ்ரேக்குப் போனால் இது தேவையில்லை.

முன்பு இப்படி ஆன்டிபயாடிக் தேவைப்படுவோர் பட்டியல் நீளம். மைட்ரல் வால்வு புரோலாப்ஸ் (வால்வு தொய்ந்து பின்பக்கம் பிதுங்குவது) உள்ளவர்களும் சாப்பிட்டார்கள். 2007-இல் அமெரிக்க இதயச் சங்கம் அதைச் சுருக்கியது: செயற்கை வால்வு, ஏற்கெனவே எண்டோகார்டைட்டிஸ் வந்தவர்கள், சில பிறவி இதயக் கோளாறுகள், மாற்று இதயத்தில் வால்வு பழுது. காரணம் எளிது: பல் தேய்த்தாலும் மென்றாலும்கூடக் கிருமி ரத்தத்துக்குள் போகிறது. வருஷத்தில் ஒரு நாள் மாத்திரை போட்டு, மீதி நாள் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் என்ன பயன்? (நானும் அப்படி இருந்தவன்தான்.)

பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களுக்கு முன்பு கிளின்டாமைசின் எழுதுவார்கள். குடலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும் என்பதால் 2021-இல் அதே சங்கம் அதை விலக்கிவிட்டது. பழைய சீட்டு இருந்தால் டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், என்னைப் போல வால்வுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: பல் பிடுங்கிய பின் சில வாரங்களில் காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தால் கையிலிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிடாதீர்கள். உடனே இதய டாக்டரிடம் போய், முதலில் பிளட் கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி கல்ச்சரில் சிக்காமல் போகலாம்.