பிரெஞ்சுப் பத்திரிகை வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் எது?

இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. ஒன்று, பத்திரிகைச் சுதந்திரத்தை நிலைநாட்டிய 1881 ஜூலை 29ஆம் நாள் சட்டம். மற்றொன்று, 1898 ஜனவரி 13 அன்று 'லோரோர்' நாளிதழின் முதல் பக்கத்தில் வெளிவந்த, தேசத்துரோகி என்று பொய்யாகத் தண்டிக்கப்பட்ட யூதப் படை அதிகாரி ட்ரைஃபஸுக்காக நாவலாசிரியர் எமில் ஸோலா எழுதிய 'நான் குற்றஞ்சாட்டுகிறேன்' என்ற கடிதம். இரண்டுமே பெரியவைதாம். ஆயினும் என்னைக் கேட்டால் மலிவு விலை நாளிதழ் பிறந்த 1836 ஜூலை 1ஆம் தேதியைத்தான் சொல்வேன்.

அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1631இல் தெயோஃப்ராஸ்த் ரெனொதோ என்ற மருத்துவர் தொடங்கிய 'லா கசெத்', மன்னரின் முதலமைச்சர் ரிஷ்லியூவின் ஆதரவில் வளர்ந்த அரசுக் குரல். 1789 புரட்சி கதவுகளைத் திறந்தது. 1800இல் நெப்போலியன் பாரிஸின் அரசியல் இதழ்களில் 13ஐ மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றை மூடினார். அவர் வீழ்ந்த பின்னரும் செய்தித்தாள் வசதி படைத்தோரின் பொருளாகவே இருந்தது. ஆண்டுச் சந்தா 80 பிராங்க். ஒரு தொழிலாளிக்கு அது ஏறத்தாழ ஒரு மாதக் கூலி.

1836 ஜூலை 1 அன்று எமில் த ஜிரார்தன் என்ற இதழாளர் தமது 'லா ப்ரெஸ்' நாளிதழைத் தொடங்கி, அதை ஆண்டுக்கு 40 பிராங்குக்குத் தந்தார். அதனால் ஏற்படும் இழப்பை விளம்பர வருவாய் ஈடுசெய்யும், வாசகர் பெருகப் பெருக விளம்பரக் கட்டணமும் உயரும் என்பது அவர் போட்ட கணக்கு. அவருடைய பழைய கூட்டாளியான துத்தாக்கும் அதே நாளில் அதே விலைக்கு 'ல சியெக்ல்' இதழைத் தொடங்கினார் என்பது சுவையான செய்தி. இக்கணக்கு பலிக்க வேண்டுமானால் எல்லாக் கட்சியினரும் இதழை வாங்க வேண்டும். ஆகவே கட்சிக் குரல் சற்றுத் தணிந்தது, வாசகரைக் கட்டிப்போடத் தொடர்கதை வந்தது. அவ்வாண்டே பால்சாக்கின் நாவலொன்று 'லா ப்ரெஸ்'ஸில் தொடராக வெளியானது. பழைய இதழ்கள் சீறின. அந்த வாக்குவாதம் முற்றி, 'ல நசியோனால்' ஆசிரியர் அர்மான் கரேல் ஜூலை மாதத்திலேயே ஜிரார்தனோடு துப்பாக்கிச் சண்டையில் இறங்கிக் காயமுற்று இறந்தார். சந்தா விலையில் தொடங்கிய பூசல் ஓர் உயிரையே வாங்கிவிட்டது!

1863இல் வந்த 'ல பெத்தி ஜூர்னால்' இவ்வழியை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. விலை வெறும் 5 சென்ட்டிம் (நூறு சென்ட்டிம் ஒரு பிராங்க்). சந்தா கட்டத் தேவையின்றித் தெருவில் ஒவ்வொரு பிரதியாக வாங்கலாம். அரசியல் எழுதாததால், அரசியல் இதழ்கள் கட்ட வேண்டியிருந்த முத்திரை வரியும் இல்லை. அரசியலின் இடத்தைக் கொலைச் செய்திகளும் தொடர்கதைகளும் நிரப்பின; 1890களில் விற்பனை பத்து லட்சத்தை எட்டியது.

ஸோலாவின் கடிதம் வந்த இதழ் ஒரே நாளில் ஏறத்தாழ மூன்று லட்சம் பிரதிகள் விற்றதற்கு, அதைத் தெருத்தெருவாகக் கூவி விற்கப் பையன்களும் காசு கொடுத்து வாங்கிப் பழகிய மக்களும் இருந்ததே காரணம். அந்தப் பழக்கத்தை உண்டாக்கிய 'பெத்தி ஜூர்னால்' நின்றதோ ட்ரைஃபஸுக்கு எதிரான அணியில். அதே ஆண்டில் ஸோலாவின் மறைந்த தந்தையைப் பற்றி அது அவதூறு எழுத, ஸோலா வழக்குத் தொடுத்து வென்றார்.